ஏழு பின் இருந்தால் பிரேக் இருக்கிறதா?

டிரெய்லர் இழுப்பவர்களின் கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். எல்லாமே எலெக்ட்ரிக் பிரேக் உள்ள டிரெய்லர்கள் பற்றியவை. இடநெருக்கடியால் கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஒரு பழைய வண்டி வாங்கினேன். 'டிரெய்லர் இழுக்க எல்லாம் ரெடி' என்று சொல்லித்தான் விற்றார்கள். பின்னால் 7 பின் சாக்கெட் இருக்கிறது. விளக்கு, இண்டிகேட்டர் எல்லாம் எரிகின்றன. டிரெய்லர் பிரேக் மட்டும் பிடிப்பதே இல்லை. டிரெய்லரில் குறை இல்லை என்கிறார் மெக்கானிக்.

பதில்: உங்களை ஏமாற்றிவிட்டார்கள். உங்கள் பக்கம் தப்பே இல்லை. அந்தச் சாக்கெட்டைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் நம்புவார்கள்.

7 பின் சாக்கெட் என்பது ஏழு இணைப்புகளுக்கான இடம். ஏழிலும் கரண்ட் வருகிறது என்று அர்த்தமில்லை. பிரேக் பின்னுக்கான ஒயர் வண்டியின் முன்பக்கம் வரை போய், டேஷ்போர்டுக்குக் கீழே பிரேக் கண்ட்ரோலரில், அதாவது டிரெய்லர் பிரேக்குக்குக் கரண்டை அளந்து அனுப்பும் கருவியில், சேர வேண்டும். கண்ட்ரோலர் இல்லையென்றால் அந்த ஒயர் சும்மா தொங்கும். நீங்கள் பெடலை மிதிக்கும்போது டிரெய்லரில் எரியும் சிவப்பு விளக்குக்கு வேறு ஒயர். விளக்கு எரிவதை வைத்துச் சக்கரம் பிடிக்கும் என்று முடிவு செய்யவே கூடாது.

முதலில் டேஷ்போர்டுக்கு அடியில் பாருங்கள். அங்கே கண்ட்ரோலர் இருந்தால், டிரெய்லரை மாட்டிவிட்டு, சக்கரத்துக்குப் போகும் ஒயரில் மல்ட்டிமீட்டரை வையுங்கள். இன்னொருவர் கண்ட்ரோலரின் கை லீவரை மெதுவாக அழுத்தட்டும். வோல்டேஜ் கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும். டிரெய்லர் மாட்டாமல் அளந்தால் சில கண்ட்ரோலர்கள் கரண்ட் விடாது. அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். கண்ட்ரோலரே இல்லையென்றால், விளம்பரத்தின் பிரதியோடு விற்றவரிடம் போங்கள். கண்ட்ரோலர் விலையையும் பொருத்தும் கூலியையும் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: 4 பின்னை 7 பின்னாக மாற்றும் அடாப்டர் போட்டால் போதாதா?

பதில்: போதாது. 4 பின்னில் வருவது எர்த், பின்விளக்கு, இடது, வலது, அவ்வளவுதான். இல்லாத பிரேக் லைனை அடாப்டர் எங்கிருந்து கொண்டுவரும்? நான் வாங்கிய ஒன்றின் பெட்டியில் ஏழு பின்னின் படத்தையும் பெரிதாகப் போட்டிருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் பிரேக் பின்னுக்குப் பின்னால் ஒயரே இல்லை. திருப்பிக் கொடுக்கப் போனபோது, 'பிளக் பொருந்துகிறதுதானே?' என்று கேட்டார் கடைக்காரர். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. சில அடாப்டர்களில் நீல ஒயர் ஒன்று தனியாக வெளியே வரும். அதைக் கண்ட்ரோலருடன் இணைத்தால்தான் பிரேக் வேலை செய்யும்.

கேள்வி: கண்ட்ரோலர் போட்டால் வண்டியின் இழுவைத் திறன் கூடுமா?

பதில்: ஒரு கிலோகூடக் கூடாது.

கேள்வி: ஒயரிங் கிட்டோடு வந்த கிளிப்புகளை வைத்து நானே இணைத்தேன். முதலில் பிரேக் நன்றாகப் பிடித்தது. மழைக்காலம் முடிந்ததும் பலம் குறைந்துவிட்டது. கண்ட்ரோலரில் பவரை முழுதாகக் கூட்டியும் பயனில்லை. கண்ட்ரோலரை மாற்றலாமா?

பதில்: மாற்றாதீர்கள். ஒரு கிளிப்பைத் திறந்து பாருங்கள். செம்பு பச்சைப் பொடியாகியிருக்கும், சில இழைகள் அறுந்தும் இருக்கும்.

இந்தக் கிளிப்புகளைப் பற்றி நான் எத்தனை தடவை எழுதினாலும் கிட் விற்பவர்கள் உள்ளே போட்டு அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஒயரை உரிக்க வேண்டாம், வைத்து அமுக்கினால் போதும் என்கிறார்கள். உள்ளே இருக்கும் தகடு ஒயரின் உறையைக் கிழித்துக்கொண்டு இறங்கும்போது இழைகளையும் வெட்டிவிடுகிறது. அந்த வழியாகத் தண்ணீர் போகிறது. விளக்குக்குச் சிறிய கரண்ட் போதும் என்பதால் கொஞ்ச நாள் சமாளிக்கும். பிரேக் அப்படியல்ல. ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு மின்காந்தம் இருக்கிறது. ஒன்று சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். இரண்டு ஆக்ஸில், நான்கு சக்கரம் என்றால் 12 ஆம்பியர். அத்தனையும் அரித்துப்போன ஒரு முனை வழியாகப் போக வேண்டும். முன்னால் 12 வோல்ட் புறப்பட்டாலும் காந்தத்துக்கு 9 வோல்ட்தான் வந்து சேரும். பிறகு எப்படிப் பிடிக்கும்? வாங்கியவர் கண்ட்ரோலரைக் குறை சொல்லி இன்னொன்று வாங்குகிறார். கிளிப்பில் மிச்சம் பிடித்த சில்லறைக்கு அவர் தண்டம் கட்டுகிறார்.

கிளிப்புகளை வெட்டி எறியுங்கள். செம்பு பளபளவென்று தெரியும் வரை ஒயரை நறுக்குங்கள். கிரிம்ப் செய்து, அதாவது உலோகக் குழலுக்குள் வைத்து நசுக்கி இணைத்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும்) குழாயைச் சூடாக்கி மூடுங்கள். பிரேக் லைனுக்கு 12 கேஜுக்கு மெலிந்த ஒயர் வேண்டாம். தூரம் அதிகமென்றால் 10 கேஜ் (எண் குறைந்தால் ஒயர் தடிமன்). எர்த் ஒயரும் அதே தடிமனில், துருவைச் சுரண்டிய சேஸியில் இறுக வேண்டும். ஹிட்ச் பந்து (டிரெய்லரை மாட்டும் உருண்டை) வழியாக எர்த் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இண்டிகேட்டர் போட்டால் மற்ற விளக்குகள் மங்குகின்றன என்று வரும் புகார்களில் பெரும்பாலும் எர்த்தில்தான் குறை.

கேள்வி: இறக்குமதி டிரெய்லர் வாங்கினேன். நிறம் பார்த்து இணைத்தேன். எல்லாம் தாறுமாறாக எரிகிறது.

பதில்: வரைபடம் பார்க்காமல் ஏன் இணைத்தீர்கள்? வட அமெரிக்க முறையில் நீலம் எலெக்ட்ரிக் பிரேக். ஐரோப்பிய 7 பின் முறையில் அதே நீலம் பின்பக்கப் பனிமூட்ட விளக்கு. பழுப்பும் இரண்டில் ஒரே வேலை செய்வதில்லை. பிரேக்குக்கான 12 வோல்ட்டை விளக்குக்கு அனுப்பியிருக்கிறீர்கள். முதலில் ஃபியூஸ்களைப் பாருங்கள். பிறகு டிரெய்லர் பக்கம் ஒவ்வொரு ஒயரையும் தனித்தனியாகச் சோதித்து, பெயர் எழுதி ஒட்டிவிட்டு இணையுங்கள்.

கேள்வி: கண்ட்ரோலரில் டைமர் வகை மலிவு, ப்ரொப்போர்ஷனல் வகை விலை அதிகம். எதை வாங்க?

பதில்: ப்ரொப்போர்ஷனல். வண்டியின் வேகம் எவ்வளவு சட்டென்று குறைகிறது என்பதை உணர்ந்து அதே அளவுக்கு டிரெய்லரையும் பிடிக்கும். டைமர் வகை, நீங்கள் பெடலைத் தொட்டாலும் அழுத்தி மிதித்தாலும், முன்பு வைத்த அளவுக்கு ஏறிக்கொண்டே போகும். சமதளத்தில் எப்போதாவது இழுக்கும் லேசான டிரெய்லருக்கு அது போதும். டிரெய்லரில் எலெக்ட்ரிக்-ஹைட்ராலிக் பிரேக் என்றால், அதற்குப் பொருந்தும் என்று கண்ட்ரோலர் கையேட்டில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். அமைப்பது எப்படி என்றும் கேட்டிருந்தீர்கள். வெறிச்சோடிய இடத்தில் சில தடவை பிரேக் போட்டுச் சூடாக்கிக்கொண்டு, 40 கிலோமீட்டர் வேகத்தில் கை லீவரை மட்டும் அழுத்துங்கள். டிரெய்லர் சக்கரம் இறுகி வழுக்கும் வரை பவரைக் கூட்டி, அங்கிருந்து ஒரு படி குறையுங்கள். சுமை மாறினால் மறுபடி செய்ய வேண்டும்.

கேள்வி: பழைய டிரெய்லர் பார்க்கப் போகிறேன். பிரேக்கில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: பிரேக்அவே ஸ்விட்சை. டிரெய்லர் கழன்று ஓடினால், வண்டியோடு கட்டிய கேபிள் இந்த ஸ்விட்சின் பின்னை இழுத்துவிடும். டிரெய்லரிலேயே உள்ள சிறு பேட்டரி பிரேக்கைப் பிடிக்கும். அந்தப் பேட்டரி செத்துக் கிடப்பதை யாரும் கவனிப்பதில்லை. போனதும் வண்டியிலிருந்து பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள். மாட்டியபடியே இழுத்தால் கண்ட்ரோலர் கெட்டுப்போகலாம். பிறகு பின்னை இழுத்துவிட்டு, டிரெய்லரை முன்னால் நகர்த்தச் சொல்லுங்கள். சக்கரங்கள் உருண்டால், பேட்டரி, ஸ்விட்ச், காந்தம் மூன்றையும் விற்பவர் சரிசெய்து காட்டும் வரை முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.