மகளுக்கு செராமிக் டெக்னாலஜி கிடைத்தால் எடுக்கலாமா?

அம்மா, உங்கள் மெயிலைப் படித்தேன். மகளின் கட்-ஆஃபுக்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் பி.டெக். செராமிக் டெக்னாலஜி (களிமண், தாதுப் பொடிகளைச் சூளையில் சுட்டுப் பொருள் செய்யும் துறை) கிடைக்கலாம் போலிருக்கிறது, ஆனால் சொந்தக்காரர்கள் "டைல்ஸ் கம்பெனிக்கு அனுப்பவா இவ்வளவு படிக்க வைத்தாய்" என்று கேட்டுக் கேட்டே உங்களைக் கலங்க வைத்துவிட்டார்கள். டைல்ஸ் வேலை ஒன்றும் கேவலமில்லை, அது இருக்கட்டும். மகளுக்கு மின்சாரம் சம்பந்தப்பட்டதில் ஆர்வம் என்கிறீர்களே, அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

தெரு டிரான்ஸ்ஃபார்மரின் மேல் பாவாடை மடிப்புபோல அடுக்கடுக்காக ஒரு பழுப்புப் பீங்கான் நிற்குமே, அது வெள்ளைக் களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றையும் கலந்து 1200 டிகிரிக்கு மேல் சுட்டது. மழையிலும் தூசியிலும் மின்சாரம் அதன் மேற்பரப்பு வழியாகக் கசிய நெடுந்தூரம் போக வேண்டும் என்பதற்காகத்தான் அந்த மடிப்புகள். பீங்கான் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவையில் பலவீனம், எடையும் அதிகம். அதனால் பல புதிய லைன்களில் இதற்குப் பதில் சிலிக்கோன் ரப்பர் இன்சுலேட்டர் (மின்சாரத்தைக் கடத்தாமல் தடுக்கும் பொருள்) வந்துவிட்டது. ஆக, இந்த ஒரு பொருளை மட்டும் நம்பிப் படிக்கச் சொல்ல மாட்டேன்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. பைக்கின் ஸ்பார்க் பிளக்கில் இருக்கும் வெள்ளைப் பகுதி அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) என்ற செராமிக். மின்சாரத்தைத் தடுக்க வேண்டும், ஆனால் வெப்பத்தை வேகமாகக் கடத்த வேண்டும் என்ற இடங்களில் அலுமினியம் நைட்ரைடு. உங்கள் போனுக்குள் மணலளவில் நூற்றுக்கணக்கான கெபாசிட்டர்கள் (மின்னூட்டத்தைச் சேமிக்கும் உறுப்புகள்) இருக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை பேரியம் டைட்டனேட்டை மெல்லிய அடுக்குகளாக்கிச் செய்தவை. ஒரு பொருளை வைத்து எவ்வளவு மின்னூட்டம் சேமிக்கலாம் என்பதைக் காட்டும் மின்கடவா மாறிலி அலுமினாவுக்கு 10-ஐ ஒட்டி இருக்கும், பேரியம் டைட்டனேட்டுக்கு அது ஆயிரக்கணக்கில் போகும்.

எனக்கு மிகவும் பிடித்தது துத்தநாக ஆக்சைடுதான். துணை மின்நிலையத்தில் இடிதாங்கியாக இருக்கும் சர்ஜ் அரெஸ்டருக்குள் இதை வில்லைகளாக அடுக்கியிருப்பார்கள். கொஞ்சம் பிஸ்மத் ஆக்சைடு சேர்த்துச் சுடும்போது துகள்களுக்கு நடுவே மெல்லிய எல்லைகள் உருவாகின்றன, ஒவ்வொரு எல்லையும் சுமார் 3 வோல்ட் வரை தடுத்து நிறுத்தும், அதற்கு மேல் போனால் சட்டென்று வழிவிடும். சாதாரண நேரத்தில் இன்சுலேட்டர், மின்னல் விழுந்தால் கடத்தி! அப்படியானால் துகள் பெரிதாக வளர்ந்தால் எல்லைகள் குறையும், வில்லை தாங்கும் வோல்டேஜும் குறையும். அதாவது சூளையின் வெப்பத்தையும் நேரத்தையும் மாற்றியே மின்குணத்தைத் தீர்மானிக்கலாம், செராமிக் இன்ஜினியரின் வேலையே இதுதான்.

சரி, வேலை எங்கே? பெங்களூரில் பெல் (BHEL) நிறுவனத்தின் எலக்ட்ரோ போர்சலின், அதாவது மின்பீங்கான் பிரிவு இருக்கிறது, ஓசூரில் கார்போரண்டம் யுனிவர்சலின் தொழில்துறை செராமிக் ஆலை இருக்கிறது, ஆராய்ச்சிக்குக் கொல்கத்தாவில் மத்திய கண்ணாடி, செராமிக் ஆராய்ச்சி நிறுவனம். ஆனாலும் ஐடி அளவுக்கு ஆள் எடுக்கிற துறை இல்லை இது, கேம்பஸில் சாஃப்ட்வேர் கம்பெனிகள்தான் அதிகம் கண்ணில் படும். மின்-செராமிக்கில் நல்ல இடத்துக்குப் போக வேண்டுமென்றால் கேட் (எம்.டெக். நுழைவுத் தேர்வு) எழுதி வாரணாசியில் உள்ள ஐஐடி பிஎச்யு, என்ஐடி ரூர்கேலா மாதிரி இடங்களில் எம்.டெக். படிப்பதையும் கணக்கில் வையுங்கள். நான்கு வருடத்தில் சம்பளம் வந்தே ஆக வேண்டும் என்ற வீட்டு நிலைமை என்றால் அதை இப்போதே மகளிடம் பேசிவிடுங்கள், பிறகு சொல்லாதீர்கள்.

அப்புறம் ஒன்று, அவளுக்கு வேதியியல் பிடிக்குமா? சர்க்யூட் மட்டும்தான் பிடிக்கும், கெமிஸ்ட்ரி புத்தகத்தைத் திறந்தாலே தூக்கம் வருகிறது என்றால் சாய்ஸ் போடும்போது இ.இ.இ.-ஐ மேலே வையுங்கள், கல்லூரி ஒரு படி இறங்கினாலும் பரவாயில்லை. இரண்டும் பிடிக்கும் என்றால் செராமிக்கை முதல் ஐந்துக்குள் போடச் சொல்லுங்கள். அதற்கு முன் கல்லூரி இணையதளத்தில் பாடத்திட்டத்தை எடுத்து, மின்-செராமிக் பாடங்கள் எந்த செமஸ்டரில் வருகின்றன என்று அவளையே பார்க்கச் சொல்லுங்கள்.