ஏன் அப்போதே கிளம்பவில்லை? – ஒரு வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய எழுத்தாளர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் பெண்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒரு நாவலை வாசித்து விவாதிக்கிறோம். கணவனின் வன்முறையிலிருந்து மீண்டு வரும் வலிமையான பெண்களைப் பற்றிய நாவல்களை இந்த ஆண்டு வாசிப்பதென்று முடிவு செய்து, ஆன் பிராண்டேயின் 'தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்', ஆலிஸ் வாக்கரின் 'தி கலர் பர்பிள்', ராடி டாயிலின் 'தி வுமன் ஹூ வாக்ட் இன்டு டோர்ஸ்' ஆகிய மூன்றையும் முடித்தோம். உண்மையைச் சொன்னால் ஏமாற்றமே மிஞ்சியது. முதல் நாவலின் ஹெலன் தப்பி வந்த பிறகும் கணவனுக்குப் பணிவிடை செய்யத் திரும்பிப் போகிறாள். இரண்டாவது நாவலின் சீலி பாதி நாவல் வரை வாயே திறப்பதில்லை. மூன்றாவதின் பாலா 17 ஆண்டுகள் அடி வாங்குகிறாள். "முதல் அடி விழுந்த அன்றே ஏன் கிளம்பவில்லை?" என்று ஒரு தோழி கேட்டபோது பெரும்பாலோர் ஆமோதித்தோம். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு எங்களில் ஒருவர் வருவதை நிறுத்திவிட்டார், காரணம் சொல்லவில்லை. இந்தப் பெண்களை வலிமையானவர்கள் என்று எப்படி ஏற்பது? வேறு நல்ல நாவல்கள் இருந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்,
(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகி)

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தில் மூன்று நாவல்களைப் பற்றிய கேள்வியும், கூட்டத்துக்கு வராமல் நின்றுவிட்ட ஒருவரைப் பற்றிய ஒற்றை வரியும் இருக்கின்றன. இரண்டும் ஒரே விஷயத்தைப் பற்றியவை என்றே நினைக்கிறேன். நாவல்களை முதலில் பேசிவிடுகிறேன்.

'ஏன் அப்போதே கிளம்பவில்லை?' என்று ஹெலனிடம் கேட்பதாக வைத்துக்கொள்வோம். நாவல் வெளிவந்தது 1848-இல். கதை நடப்பது 1820-களில். அன்றைய இங்கிலாந்துச் சட்டத்தின்படி திருமணமான பெண்ணுக்குத் தனியாகச் சட்ட ஆளுமை கிடையாது. அவள் சம்பாதிக்கும் பணம் கணவனுடையது. மனைவி சம்பாதித்ததை அவளே வைத்துக்கொள்ளலாம் என்ற முதல் சட்டம் 1870-இல்தான் வந்தது. பிரிந்துபோன தாய் ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தன்னிடம் வைத்துக்கொள்ள நீதிமன்றத்தை அணுகலாம் என்ற உரிமையே 1839-இல்தான் கிடைத்தது. அதாவது ஹெலன் மகனைத் தூக்கிக்கொண்டு வெளியேறும் காலத்தில் அந்தச் சட்டமும் இல்லை. தன் பிள்ளையோடு வீட்டைவிட்டுப் போகும் தாய் அன்று சட்டத்தின் கண்ணில் கணவனுக்கு உரியதை எடுத்துச் சென்றவள். இத்தனைக்கும் நடுவில்தான் அவள் கிளம்புகிறாள். எப்படிக் கிளம்புகிறாள் என்பதை ஆன் பிராண்டே எழுதியிருக்கும் விதமே இந்த நாவலை 175 ஆண்டுகளுக்கு மேலாக உயிரோடு வைத்திருக்கிறது.

குடிகாரக் கணவன் ஆர்தர் ஹன்டிங்டன், இன்னொருவர் மனைவியோடு தன் வீட்டிலேயே உறவு வைத்திருக்கிறான். சின்னஞ்சிறு மகனுக்கு மதுவைப் புகட்டவும் வசைச்சொற்களைப் பழக்கவும் தொடங்குகிறான். தனக்கு நேர்ந்த அவமானங்களையெல்லாம் பொறுத்திருந்த ஹெலன், மகன் அந்த வழியில் போவதைக் கண்டதும் வெளியேறத் தீர்மானிக்கிறாள். ஓவியம் தீட்டி விற்றுப் பிழைக்கலாம் என்பது அவள் திட்டம். ஒரு மாலையில் அவள் எழுதிக்கொண்டிருக்கும் நாட்குறிப்பை ஆர்தர் பலவந்தமாகப் பிடுங்கிப் படித்துவிடுகிறான். அடுத்து அவன் செய்வதை உங்கள் வட்டத்தில் உரக்க வாசிக்கலாம். அவளுடைய சாவிகளை வாங்கிக்கொள்கிறான். வண்ணங்களையும் தூரிகைகளையும் அள்ளி நெருப்பில் போடுகிறான். பணத்தையும் நகைகளையும் எடுத்துக்கொண்டு, கைச்செலவுக்கு மட்டும் கொஞ்சம் விட்டுவைக்கிறான். அந்தக் காட்சியில் ஓர் அடிகூட விழுவதில்லை. ஆனால் ஒரு பெண் வெளியேறுவதற்கு எவையெவை தேவை என்பதை அவளைவிடத் துல்லியமாக அறிந்தவன் அவன்தான் என்று அந்த ஒரு பக்கம் காட்டிவிடுகிறது. அவன் எரிப்பது அவளுடைய எதிர்கால வருமானத்தை.

அதற்குப் பிறகும் பல மாதங்கள் அவள் அதே வீட்டில்தான் இருக்கிறாள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அடங்கிப்போய்விட்டவளாகவே தெரிவாள். அந்த மாதங்களில் நடப்பது என்ன? சகோதரன் ஃபிரெடரிக்கிடம் பேசுகிறாள். நடக்காத காரியம் என்று முதலில் தயங்கும் அவனைப் படிப்படியாகச் சம்மதிக்க வைத்து, பாழடைந்த வைல்ட்ஃபெல் ஹாலில் சில அறைகளைக் குடியிருக்கத் தகுந்ததாகச் செய்து தரும்படி கேட்கிறாள். வயதான பணிப்பெண் ரேச்சலைத் துணைக்குச் சேர்த்துக்கொள்கிறாள். தாயின் குடும்பப் பெயரைத் தன் பெயராக்கிக்கொள்கிறாள். போன இடத்தில் மறுபடி ஓவியம் தீட்டி லண்டனில் விற்கிறாள். கணவன் தேடி வந்துவிடக் கூடாது என்பதற்காகப் படத்தில் பொய்யான முதலெழுத்துகளைக் கையொப்பமாக இட்டு, இடத்தின் பெயரையும் மாற்றி எழுதுகிறாள். நீங்கள் தேடும் வலிமை இங்கேதான் இருக்கிறது. உரத்துப் பேசும் ஒரு வசனத்தில் தேடினால் அது கண்ணில் படாது. ஓர் அறை, ஒரு வருமானம், நம்பும் ஒருவர், ஒரு மாற்றுப் பெயர் என்று அவள் அதைத் துண்டு துண்டாகச் சேர்க்கிறாள். சேர்ப்பதற்குக் காலம் வேண்டியிருக்கிறது.

சாகக் கிடக்கும் கணவனிடம் அவள் திரும்பிப் போவது உங்களை மிகவும் உறுத்தியிருக்கிறது. ஆன் பிராண்டேயின் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை அந்தத் திருப்பத்தில் இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனக்கும் அந்த அத்தியாயங்களில் சில பத்திகள் கனமாகவே இருக்கின்றன. ஆனால் அவள் எந்த நிபந்தனையோடு போகிறாள் என்பதை நீங்கள் விட்டுவிட்டீர்கள். மகன் தன் பொறுப்பிலேயே இருப்பான், விரும்பும்போது அவனை அழைத்துச் செல்லத் தனக்குத் தடையில்லை என்று ஒரு தாளில் எழுதி, சாட்சி முன்னிலையில் ஆர்தர் கையெழுத்துப் போட்ட பிறகே பிள்ளையை அவன் கண்ணில் காட்டுகிறாள். படுக்கையில் கிடப்பவனிடம் கருணை காட்டுகிறவள், அவன் வாய்ச்சொல்லை நம்பவில்லை. பணிவிடை செய்யப் போன பழைய மனைவியின் செயல் என்று அதைச் சுருக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

சீலியைப் பற்றி: அவள் வாய் திறப்பதில்லை என்பது சரிதான், ஆனால் அந்த நாவலின் பெரும்பகுதி அவள் எழுதிய கடிதங்கள். கடவுளைத் தவிர யாரிடமும் சொல்லாதே என்று மிரட்டப்பட்டவள் கடவுளுக்கே எழுதுகிறாள். அதைவிட முக்கியமான ஒரு பக்கத்தை உங்கள் வட்டத்தார் கவனித்தார்களா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். தன் மனைவி சோஃபியா சொன்னபடி கேட்பதில்லை என்று சீலியின் கணவனுடைய மகன் ஹார்போ வந்து ஆலோசனை கேட்கும்போது, அவளை அடி என்று சொல்கிறவள் சீலி. அடிபட்டே வாழ்ந்த பெண், இன்னொருத்தியை அடிக்கச் சொல்கிறாள். பிறகு தூக்கம் வராமல் தவிக்கிறாள். சோஃபியா நேரில் வந்து கேட்கும்போது, திருப்பி அடிக்கும் உன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று ஒப்புக்கொள்கிறாள். கிழிந்துபோன திரைச்சீலைத் துணியைக் கொண்டு இருவரும் சேர்ந்து ஒட்டுப்போர்வை தைக்க உட்காருகிறார்கள். எவ்வளவு நேர்மையான எழுத்து! வன்முறை அடிபட்டவளின் மனத்துக்குள்ளேயே சட்டமாகக் குடியேறிவிடுகிறது என்பதையும், அதை அங்கிருந்து கிளப்புவதற்கு இன்னொரு பெண்ணின் கோபமும் நட்பும் தேவைப்படுகின்றன என்பதையும் வாக்கர் விளக்கவுரை இல்லாமல் எழுதிவிட்டார். சோஃபியாவுக்கும் தன்னந்தனி வீரம் இல்லை. அவளை அழைத்துப்போக அக்கா தங்கைகள் வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். உங்களில் பலருக்கும் சோஃபியாவையே பிடித்திருக்கும். சோஃபியாவாகப் பிறக்காத பெண்ணுக்கும் ஒரு வழி உண்டா என்று கேட்பதால்தான் இது சீலியின் கதையாக இருக்கிறது.

டப்ளின் பாலாவின் 17 ஆண்டுகளைப் பற்றி ஒரு தகவல் மட்டும் சொல்கிறேன். 1937-இல் எழுதப்பட்ட அயர்லாந்து அரசியல் சாசனம் விவாகரத்தைத் தடை செய்திருந்தது. அந்தத் தடையை நீக்க 1995-இல் நடந்த பொது வாக்கெடுப்பு மிகக் குறுகிய வித்தியாசத்தில்தான் வென்றது. நாவல் வந்தது 1996-இல். பாலாவின் திருமண வாழ்க்கை முழுவதும் அவளுக்குச் சட்டப்படி விடுதலை என்ற ஒன்றே இல்லை. அதைவிடக் கொடுமையாக டாயில் எழுதியிருப்பது மருத்துவமனைக் காட்சிகளை. உடைந்த எலும்போடும் வீங்கிய முகத்தோடும் திரும்பத் திரும்ப வருகிறவள், கதவில் மோதிக்கொண்டேன் என்கிறாள். அவள் மூச்சில் மதுவாடையை முகர்ந்துவிட்ட மருத்துவர்களுக்கு அந்தப் பதிலே போதுமானதாக இருக்கிறது. என்னைக் கேளுங்கள், என்னைக் கேளுங்கள் என்று அவள் மனத்துக்குள் கெஞ்சிக்கொண்டே இருக்கிறாள். ஒருவரும் கேட்பதில்லை. கடைசியில் கணவனின் பார்வை வளர்ந்த மகள் மீது திரும்புவதைக் கண்ட நிமிடத்தில் வாணலியால் அடித்து அவனை வெளியே துரத்துகிறாள். துரத்திய பிறகும் அவள் குடிக்கிறாள், அவனை நினைத்து அழுகிறாள். சுத்தமான வெற்றி ஒன்றை அவளுக்கு வழங்க டாயில் மறுத்ததற்காகவே அவரை நான் மதிக்கிறேன். முதல் அடியிலேயே கிளம்பிவிடும் பெண்ணைப் பற்றியும் நாவல் எழுதலாம். ஆனால் அடிபட்டுக்கொண்டே வாழும் ஆயிரக்கணக்கானவர்களின் நாட்களை அந்த நாவல் தொடாது.

நம் மொழியில் பாமாவின் 'சங்கதி'யை மறுபடி எடுத்துப் பாருங்கள். கணவன் அடிக்க வரும்போது ராக்கம்மா தெருவில் நின்று, ஊரே கூடும்படி, கேட்கக் கூசும் வார்த்தைகளால் அவனைத் திட்டித் தீர்க்கிறாள். கூட்டத்தின் முன் அவன் பின்வாங்குகிறான். அதே நூலில் மாரியம்மா தகப்பனிடமும் பிறகு கணவனிடமும் அடிபட்டு நொந்துபோகிறாள். இருவரையும் அடுத்தடுத்து வைத்திருக்கும் பாமா ஒருத்தியை உயர்த்தி மற்றவளைத் தாழ்த்துவதில்லை. கூலி வேலைக்குப் போகும் தலித் பெண்ணுக்கு வீட்டில் விழும் அடியும் காட்டில் நடக்கும் சுரண்டலும் பஞ்சாயத்தில் கிடைக்கும் அநீதியும் ஒரே கயிற்றின் புரிகள் என்பதைத் தமிழில் அவரளவுக்கு நெருங்கி எழுதியவர்கள் குறைவு.

அடுத்த மாதத்துக்கு நீங்கள் கேட்ட நாவலாக புச்சி எமெச்செட்டாவின் 'செகண்ட் கிளாஸ் சிட்டிசன்' நூலைப் பரிந்துரைக்கிறேன். 1974-இல் வெளிவந்த இது பெரும்பாலும் அவர் சொந்த வாழ்க்கை. நைஜீரியாவிலிருந்து லண்டனுக்கு வரும் ஆடா நூலகத்தில் வேலை பார்க்கிறாள். அவள் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடுகிறது. பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்லிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் கணவன் ஃபிரான்சிஸ் அவளை அடிக்கிறான். அடுத்தடுத்த பிரசவங்களைத் தாங்க முடியாமல் அவள் ரகசியமாகக் கருத்தடைச் சாதனம் வாங்கியது தெரிந்ததும் அடிக்கிறான். அவள் எழுதி முடித்த முதல் நாவலின் கையெழுத்துப் பிரதியை எரித்துவிடுகிறான். 'சொந்தக் காலில் நின்றால் இந்த நிலை வராது' என்று நம் வீடுகளில் மகள்களுக்குச் சொல்லும் அறிவுரையை இந்த நாவல் கடுமையாகச் சோதிக்கிறது. சம்பளம் இருந்தும் ஆடா அடிபடுகிறாள். அவளைக் காப்பாற்றுவது, எரிந்த பக்கங்களோடு தனக்குள்ளும் ஏதோ ஒன்று முடிந்துவிட்டது என்ற தெளிவு. வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும்போது, தங்களுக்குத் திருமணமே ஆகவில்லை என்று ஃபிரான்சிஸ் சாதிக்கிறான். ஆவணங்களை முன்பே எரித்துவிட்டிருக்கிறான். பிள்ளைகளைத் தத்துக் கொடுத்துவிடலாம் என்கிறான். பிள்ளைகள் என்னுடையவர்கள், அது போதும் என்கிறாள் ஆடா. கைக்குழந்தைகளோடு ஒரு வாடகை அறையில் இருந்துகொண்டு அதைச் சொல்கிறாள் என்பதை மறந்துவிடாமல் வாசியுங்கள். எமெச்செட்டாவின் வாழ்விலும் எரிக்கப்பட்ட அந்த நாவலை அவர் மறுபடியும் எழுதினார். 'தி பிரைடு பிரைஸ்' என்ற பெயரில் 1976-இல் அது வெளிவந்தது.

இனி, உங்கள் வட்டத்துக்கு வருவதை நிறுத்தியவரைப் பற்றி. அவர் ஏன் வரவில்லை என்பது எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. மகனுக்குப் பரீட்சையாக இருக்கலாம். ஆனால் அன்று உங்கள் அறையில் இருந்தவர்களில் ஒருவருக்கு அந்த நாவல்கள் கதையாக இல்லாமல் இருந்திருக்கக் கூடும் என்பதை நினைத்துப் பாருங்கள். அப்படி ஒருவர் ஹெலனைப் பற்றியோ பாலாவைப் பற்றியோ நீங்கள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் தன்னைப் பற்றிய தீர்ப்பாகவே கேட்டிருப்பார். இந்தத் தோழிகளிடம் ஒருநாள் சொல்லலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்திருந்தால், அந்த யோசனை அன்றே முடிந்துபோயிருக்கும். உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை; தோழிமேல் உங்களுக்கு அக்கறை இல்லையென்றால் அந்த வரியை எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள்.

அவரைப் போய்ப் பாருங்கள். ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம். அடுத்த புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். அடுத்த வாரமும் போங்கள். அவராகச் சொன்னால் மட்டும், அவர் சொல்லும் வேகத்திலேயே கேளுங்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், வீடு யார் பெயரில் இருந்தாலும் தான் வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து இருக்கும் உரிமையை மனைவிக்குத் தருகிறது என்பதையும், 181 என்ற பெண்கள் உதவி எண் இருப்பதையும் நீங்கள் அறிந்து வைத்திருங்கள். அவர் கேட்கும் நாளில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

பின்குறிப்பாக ஒன்று. 'வைல்ட்ஃபெல் ஹால்' நாவலை மறுபடி வாசிக்க எடுத்தால் உங்கள் பதிப்பைச் சரிபாருங்கள். ஆன் பிராண்டே 1849-இல், 29 வயதில் இறந்த பிறகு, இந்தக் கதைப்பொருளைத் தேர்ந்ததே தவறு என்று கருதிய அக்கா சார்லட் மறுபதிப்பை விரும்பவில்லை. பிறகு 1854-இல் வேறொரு பதிப்பாளர் பல இடங்களில் வெட்டி வெளியிட்ட மலிவுப் பதிப்பே நீண்ட காலம் திரும்பத் திரும்ப அச்சாயிற்று. கதைசொல்லியான கில்பர்ட் தன் நண்பர் ஹால்ஃபோர்டுக்கு எழுதும் கடிதத்தோடு தொடங்கினால் அது முழுப் பதிப்பு. ஹெலனின் நாட்குறிப்பு அதில் 16-ஆம் அத்தியாயம் முதல் 44 வரை வருகிறது; நேரம் குறைவாக இருந்தால் அந்தப் பகுதியை மட்டுமாவது எல்லோரும் சேர்ந்து வாசியுங்கள்.

அன்புடன்.