செயற்கைக்கோள் படங்களில் தெரியும் விநோத வடிவங்களுக்கு உண்மையிலேயே விளக்கம் உண்டா, அல்லது எதையாவது மறைக்கிறார்களா?

கேள்வி கேட்டவர் எந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார் என்பது கேள்வியில் இல்லை. ஆனாலும் ஊகிக்க முடிகிறது. இரவு பதினொரு மணிக்குக் கைபேசியில் சொந்த ஊரைத் தேடி, வீட்டுக் கூரையைக் கண்டுபிடித்து, அப்படியே விரலால் நகர்த்திக்கொண்டே போனபோது, ஊரில் யாரும் சொல்லிக் கேள்விப்படாத ஒரு வட்டமோ நட்சத்திரமோ தென்பட்டிருக்கும். அல்லது உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ சிவப்பு அம்புக்குறி போட்டு அனுப்பியிருப்பார்கள். உங்களைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. படத்தைப் பார்த்துப் பொருள் சொல்வதற்காகவே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த நான், உங்கள் ஐயத்தைவிடப் பெரிய தவறு ஒன்றைச் செய்து, அதை அச்சிட்டு, ஸ்பைரல் பைண்டிங் போட்டு வாடிக்கையாளருக்கும் அனுப்பி வைத்தவன்.

பின்னூட்டத்தில் தகுதி கேட்பவர்களுக்காக முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். நான் விஞ்ஞானி அல்லன். இஸ்ரோவில் வேலை பார்த்ததில்லை. பெங்களூரில் தனியார் வரைபட நிறுவனங்களில் பதினெட்டு ஆண்டுகள் செயற்கைக்கோள் படங்களின் மேல் கோடு இழுத்தவன், அவ்வளவுதான். ஏரி, சாலை, தோப்பு, கட்டடம் என்று ஒவ்வொன்றின் விளிம்பையும் மவுஸால் சுற்றி வரைவதை டிஜிட்டைஸ் செய்வது என்போம். அந்த வேலையில் நாளொன்றுக்கு நூறு வடிவங்களாவது கண்ணில் படும். அவற்றில் தொண்ணூற்றெட்டுக்குப் பெயர் தெரியும், மீதி இரண்டுதான் தூக்கத்தைக் கெடுக்கும்.

2008 ஜனவரியில் கோலார் மாவட்டம் பங்காருப்பேட்டைப் பக்கம் ஓர் உயர் மின்னழுத்தக் கம்பித் தடத்துக்காக வரைபடம் தயாரித்துக்கொண்டிருந்தோம். குவிக்பேர்ட் செயற்கைக்கோள் அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில் எடுத்த படம். அதில் ஒரு பிக்சல் என்பது தரையில் ஏறத்தாழ 61 சென்டிமீட்டர். ஒரு கிராமத்துக்குக் கிழக்கே, வீடுகளை விட்டு விலகி, சற்று மேடான தரிசில் பதினொரு வட்டங்கள் வில்லைப் போல வளைந்த வரிசையில் நின்றன. ஒவ்வொன்றும் பத்து மீட்டர் அகலம் இருக்கும். வெளிறிய விளிம்பு, வழுவழுப்பான உட்பரப்பு, சிலவற்றின் நடுவில் மட்டும் கருமையாக ஒரு புள்ளி. பெருங்கற்காலத்துக் கல்வட்டங்களைப் பற்றி ஓரளவு படித்திருந்தேன். சித்ரதுர்கா மாவட்டத்துப் பிரம்மகிரியில் 1947 இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த ஈமச் சின்னங்களின் வரைபடங்களைப் பார்த்திருந்தேன். சுற்றிலும் கற்கள், நடுவே கற்பலகைகளால் அமைத்த கல்லறையான கற்பதுக்கை, ஊருக்கு வெளியே பாறை மேடு, அருகில் ஏரி என்று எல்லாம் பொருந்தின. பொருந்தாத ஒன்றையாவது தேடிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே எழவில்லை. இடைக்கால அறிக்கையில் தடித்த எழுத்தில் ‘பெருங்கற்கால ஈமக்காடாக இருக்கக்கூடும், தடத்தை மாற்றுவது பற்றிப் பரிசீலிக்கவும்’ என்று எழுதினேன். மேலாளர் படிக்காமலேயே அனுப்பிவிட்டார்.

அனுப்பிய பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சனிக்கிழமை காலை கண்டோன்மென்ட் நிலையத்தில் ரயில் ஏறி, பங்காருப்பேட்டையில் இறங்கி, ஒரு ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு போனேன். வழியில் தார்ச்சாலையின் ஒரு பாதி முழுக்கக் கேழ்வரகுக் கதிரைப் பரப்பி வைத்திருந்தார்கள். போகிற வண்டிகளின் சக்கரமே அடித்துக் கொடுத்துவிடும் என்பது கணக்கு. ஆட்டோக்காரர் ஒவ்வொரு பரப்பின் மேலும் ஏறும்போது கன்னடத்தில் திட்டிக்கொண்டே வந்தார். நானும் அவரோடு சேர்ந்து அலுத்துக்கொண்டேனே தவிர, மடியில் கிடந்த படத்துக்கும் சக்கரத்தடியில் நொறுங்கும் கதிருக்கும் தொடர்பு உண்டு என்று அப்போதும் உறைக்கவில்லை.

கையில் ஜி.பி.எஸ். கருவியைப் பிடித்துக்கொண்டு, எண்களைப் பார்த்தபடியே மேட்டில் ஏறி, முதல் வட்டத்துக்குள் கால் வைத்ததும் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: “செருப்பக் கழட்டுப்பா!” முறத்தோடு நின்றிருந்த ஒரு பாட்டி. அந்தப் பக்கம் தங்கவயலுக்குப் பக்கம் என்பதால் தமிழ் நன்றாகவே புழங்கும். “இது என்ன பாட்டி?” என்று கேட்டேன். “ராகிக் களம். சாணி மொழுகி வெச்சிருக்கோம், தெரியல?” என்றார். குனிந்து பார்த்தேன். சாணியும் மண்ணும் கரைத்து மெழுகிய தரை, வெயிலில் காய்ந்து மெல்லிய வெடிப்புகளோடு இருந்தது. என் செருப்பின் தடம் அதில் பிசிறாகப் பதிந்திருந்தது. ஓரமாக ஒரு கல் உருளை. படத்தில் நான் கற்கள் என்று எண்ணிய வெளிறிய விளிம்பு, தூற்றும்போது காற்றில் ஒதுங்கிக் குவிந்த உமியும் தூசும்தான். நடுவிலிருந்த கரும்புள்ளி, அடிப்பதற்காகக் குவித்த கதிர்ப் போரும் அதன் நிழலும். ஊரை விட்டு விலகி மேட்டில் இருந்ததற்குக் காரணம் காற்று; தூற்றுவதற்குக் காற்று தடையில்லாமல் வர வேண்டும் அல்லவா?

இராமநாதபுரம் மாவட்டத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன் நான். எங்கள் ஊர்க் களத்தில் வைக்கோல் போரின் மேல் புரண்டு அரிப்பெடுத்து அடி வாங்கியவன். நேரில் பார்த்தால் நூறடித் தொலைவிலேயே தெரிந்திருக்கக்கூடிய ஒன்றை, நானூற்றைம்பது கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்த்தபோது மூவாயிரம் ஆண்டுப் பழைமையாக்கிவிட்டேன். திங்கட்கிழமை அலுவலகம் வந்து கோப்பைத் துழாவியபோது இன்னொன்றும் தெரிந்தது: அதே இடத்தை ஆகஸ்ட் மாதத்தில் எடுத்த வேறொரு படமும் வாடிக்கையாளர் கொடுத்த குறுந்தகட்டில் இருந்திருக்கிறது. அதில் வட்டம் ஒன்றுகூட இல்லை. மழைக்கு முளைத்த புல் மட்டுமே இருந்தது. ஆண்டுதோறும் புதிதாகச் செதுக்கி மெழுகும் களம் ஆகஸ்டில் எப்படி இருக்கும்? ஈமக்காடாக இருந்திருந்தால் ஆகஸ்டிலும் கிடந்திருக்கும். அந்தக் கோப்பைத் திறக்க எனக்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

ஆகவே உங்கள் வடிவத்துக்கும் முதல் வைத்தியம் அதுதான். கூகுள் எர்த்தின் கணினிப் பதிப்பில் பழைய தேதிகளின் படங்களைப் பார்க்கும் வசதி 2009 முதல் இருக்கிறது. வெவ்வேறு மாதங்களின் படங்களை மாற்றி மாற்றிப் பாருங்கள். பருவத்தோடு வந்து போவது பெரும்பாலும் உழவு சார்ந்ததாக இருக்கும்.

இந்தத் தவறைச் செய்தவன் நான் ஒருவன் மட்டும் அல்லன் என்பதில் எனக்கு ஒரு சிறு ஆறுதல் உண்டு. ராஜஸ்தானில் ஜெய்சால்மர் அருகே போஹா என்னும் இடத்தில் தார்ப் பாலைவனத்து மண்ணில் பெரிய சுருள் கோடுகள் இருப்பதாக 2021 இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இருவர் அறிவித்தபோது, பெரும் நிலவரைவு, அதாவது நிலத்தில் வரைந்த பழங்கால ஓவியம், என்று பத்திரிகைகள் கொண்டாடின. மரக்கன்று நடுவதற்காகத் தோண்டிப் பின்னர் கைவிடப்பட்ட சால்களே அவை என்று அதன்பிறகு வேறு ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

இங்கே தொல்லியல் ஆர்வலர்கள் என் மேல் பாயக்கூடும். வானிலிருந்து காண்பதெல்லாம் களமும் சாலும்தான் என்று நான் சொல்லவில்லை. கஜகஸ்தானின் கோஸ்தனை மாநிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே துர்காய் சமவெளியில் உஷ்தோகாய் சதுரம் என்னும் மண்மேட்டு வரிசையை 2007 இல் கூகுள் எர்த்தில் ஒருவர் கண்டுபிடித்தார். அது உண்மையிலேயே பழங்காலத்தது. அதே மாநிலத்தில், லிசகோவ்ஸ்க் நகருக்கு அருகே ஒரு நீர்த்தேக்கக் கரையில் வட்டத்துக்குள் ஐந்து முனை நட்சத்திரம் ஒன்று தெரிகிறது. சாத்தான் வழிபாடு என்று அதைப் பற்றி இணையத்தில் எழுதாதவர்கள் குறைவு. அது சோவியத் காலத்துப் பூங்கா ஒன்றின் நடைபாதைகள். நட்சத்திரம் அக்காலத்தில் எங்கும் போடப்பட்ட சின்னம். ஒரே மாநிலம், ஒரே மென்பொருள், இரண்டு வடிவங்கள். அங்கே போய்ப் பார்த்தவர்கள்தாம் இரண்டையும் பிரித்துச் சொன்னார்கள்.

அடுத்தது வெளிச்சம். வெளிச்சம் மேலிருந்து விழுவதாக எண்ணியே நம் கண் மேட்டையும் பள்ளத்தையும் பிரித்தறிகிறது. ஆனால் வரைபடத்தில் வடக்கு மேலே இருக்கும். பல செயற்கைக்கோள்கள் நம்மைக் கடப்பதோ முற்பகல் பத்தரை மணி வாக்கில். குளிர்காலத்தில் அப்போது சூரியன் தென்கிழக்கில், அதாவது படத்தின் கீழ்ப்பக்கத்தில் இருக்கும். விளைவு, நந்தி மலை போன்ற குன்று குழியாகவும், கருங்கல் குவாரி மொட்டை மாடி போலவும் தெரியும். படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் போதும், சரியாகிவிடும். கனடாவின் ஆல்பர்ட்டாவில் மெடிசின் ஹாட் நகருக்கு அருகே இறகுத் தலையணி அணிந்த மனிதத் தலை ஒன்று தெரிவதாகச் சொல்வார்களே, அது புடைத்த தலையன்று; களிமண்ணை மழை நீர் அரித்த பள்ளத்தாக்கு. அவர் காதில் மாட்டியிருக்கும் இயர்போன், எரிவாயுக் கிணற்றுக்குப் போகும் பாதை. செவ்வாய்க் கோளின் தரையில் மனித முகம் போலத் தெரிந்த ‘முகம்’ பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1976 ஜூலை 25 அன்று வைக்கிங் 1 விண்கலம் எடுத்த அந்தப் படத்தில் சூரியன் தாழ்ந்து இருந்ததால் ஒரு குன்றின் பாதி நிழலில் கிடந்தது. தரவு பூமிக்கு வந்து சேர்ந்தபோது விடுபட்ட இடங்கள் கரும்புள்ளிகளாகிவிட, அவற்றில் ஒன்று சரியாக மூக்குத் துவாரத்தின் இடத்தில் விழுந்து தொலைத்தது. 1998, 2001 ஆம் ஆண்டுகளில் மார்ஸ் குளோபல் சர்வேயர் இன்னும் தெளிவாக எடுத்த படங்களில் அது வெறும் குன்று.

சில வடிவங்கள் தரையிலேயே இருப்பதில்லை. ஒயிட்ஃபீல்டில் இருக்கும் என் அக்கா மகன் ஒருநாள் பதறியடித்து, “மாமா, ஹொஸ்கோட்டைக்கு மேல கலர் கலரா என்னமோ பறக்குது” என்று ஒரு சென்டினல்-2 படத்தை அனுப்பினான். நீலம், பச்சை, சிவப்பு என்று வரிசையாக மூன்று குட்டிச் சிலுவைகள். அந்தச் செயற்கைக்கோளின் உணரிகள் ஓரிடத்தை மூன்று நிறங்களிலும் ஒரே கணத்தில் பார்ப்பதில்லை. நீலத்துக்கும் சிவப்புக்கும் இடையே ஏறத்தாழ ஒரு விநாடி போய்விடும். நிலம் நகராது என்பதால் மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்திவிடும். மணிக்கு 900 கிலோமீட்டரில் பறக்கும் விமானமோ அந்த ஒரு விநாடியில் 250 மீட்டர் போய்விடுகிறது. ஒரு பிக்சல் 10 மீட்டர் என்றால், நீல விமானத்துக்கும் சிவப்பு விமானத்துக்கும் இடையே 25 பிக்சல். கணக்கைப் போட்டுக் காட்டியபோது அவன் முகத்தில் விழுந்த ஏமாற்றத்தை நான் என்ன செய்ய முடியும்?

2009 இல் கேனரித் தீவுகளுக்கு அருகே கடலடியில் கட்டம் கட்டமாக ஒரு நகரம் தெரிந்ததும் இந்த வகைதான். கடலில் மூழ்கியதாகக் கதைகளில் வரும் அட்லாண்டிஸ் கிடைத்துவிட்டது என்றார்கள். ஒலியலையால் ஆழம் அளந்தபடி கப்பல்கள் போய் வந்த தடங்கள் அவை. அளந்த கோட்டில் நுணுக்கமான தரவும், அளக்காத இடத்தில் தோராயமான தரவும் அருகருகே கிடந்ததால் கோடு தெரிந்தது.

என் தந்தைக்கு ஒருமுறை எங்கள் ஊர்க் கண்மாயின் படத்தைச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். “என்னடா, கண்மாய் முழுக்க ரத்தமா இருக்கு?” என்றார். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைச் சிவப்பாகக் காட்டும் படம் அது. செடிகொடிகள் அந்த ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்புவதால் பசுமையெல்லாம் சிவப்பாகத் தெரியும். கண்மாய்க்குள் தண்ணீர் இல்லை, சீமைக்கருவேலம் இருந்தது. விளக்கியதும், “அப்ப ரத்தம்னே வச்சுக்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறைக்கிறார்களா என்ற பாதிக்கும் வருகிறேன். மறைப்பது உண்டு. நம் நாட்டிலேயே 2001 ஆம் ஆண்டுக் கொள்கைப்படி 5.8 மீட்டரைவிட நுணுக்கமான படங்கள் கெடுபிடியோடுதான் கிடைத்தன. 2011 இல்தான் அந்த எல்லை 1 மீட்டராகத் தளர்ந்தது. ஆனால் மறைக்க நினைப்பவர்கள் மங்கலாக்குவார்கள், அல்லது அந்தத் துண்டை வெட்டி வேறொரு தேதியின் படத்தை ஒட்டுவார்கள். தெளிவாக, அழகான வடிவில், உங்கள் கைபேசிக்கே வந்து சேரும் ஒன்றை யாரும் மறைத்ததாகச் சொல்ல முடியாது.

உண்மையில் மறைக்கப்பட்டது என்ன என்று கேட்டால் நான் வேறொன்றைச் சொல்வேன். அந்த மின்தட அறிக்கையின் இறுதி வடிவத்தில் என் ஈமக்காடு நீக்கப்பட்டு, ‘கதிரடிக்கும் களங்கள், கள ஆய்வில் உறுதி செய்யப்பட்டது’ என்று ஒரு வரி சேர்க்கப்பட்டது. கீழே மேலாளரின் கையொப்பம். அவர் பங்காருப்பேட்டைப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. நான் போட்ட 74 ரூபாய் பயணப்படிக் கோரிக்கை, முன் அனுமதி பெறாத பயணம் என்று திரும்பி வந்தது. ‘கள ஆய்வு’ என்ற சொல்லுக்குப் பொருத்தமான வேலையை வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான் செய்தேன். அதற்கும் சொந்தக் காசு.

போன மாதம் அதே இடத்தைத் திறந்து பார்த்தேன். பதினொன்றில் இரண்டு வட்டங்களே மிஞ்சியிருக்கின்றன. கதிரடிக்கும் இயந்திரம் வந்திருக்கும், அல்லது எல்லோரும் தார்ச்சாலைக்கே போயிருப்பார்கள். வரிசையின் தென்கோடியில், முன்பு வட்டம் இருந்த இடத்துக்கு அருகே, பளிச்சென்று நீலமாக ஒரு செவ்வகம் புதிதாக முளைத்திருக்கிறது. கதிரை மூடிய தார்ப்பாயாக இருக்கலாம். பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட பண்ணைக் குட்டையாகவும் இருக்கலாம். மே மாதப் படத்திலும் அது அங்கேயே இருப்பதால் என் ஓட்டு குட்டைக்கு. இந்த முறை எழுதிக் கொடுப்பதற்கு முன்பு போய்ப் பார்த்துவிடுவதாக இருக்கிறேன். செருப்பை ஆட்டோவிலேயே விட்டுவிடுவேன்.