சம்பளம் ஏறியும் பற்றாக்குறை ஏன்?

கேள்வி: 2016 தொடக்கத்தில் என் கணவர் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். அப்போது கைக்கு வந்த சம்பளம் 18,000 ரூபாய், இப்போது 31,000. வாடகை 4,500 ஆக இருந்தது, இப்போது 9,500. மூத்தவளின் பள்ளிக் கட்டணம் வருடத்துக்கு 28,000, வேனுக்கு மாதம் 1,200, பைக் தவணை 3,100. இருபதாம் தேதிக்கு மேல் கைமாற்றுதான். "விலைவாசி ஏற்றம் கால் சதவீதத்துக்கு வந்துவிட்டது என்று நியூஸிலேயே சொன்னார்கள், உனக்கு மட்டும் எப்படிப் பத்தவில்லை?" என்று கேட்கிறார். தப்பு என் மேலா?
– ஒரு வாசகி, ஸ்ரீபெரும்புதூர்

பதில்: இல்லை சகோதரி. ஆனால் உங்கள் வீட்டுக்காரர் சொல்வதும் பொய் இல்லை. அதனால்தான் இந்தச் சண்டை முடியமாட்டேன் என்கிறது.

அவர் கேட்ட செய்தி 2025 அக்டோபர் மாதத்தைப் பற்றியது. நாடு முழுவதற்குமான சில்லறை விலை ஏற்றம் அந்த மாதம் 0.25 சதவீதம்தான். அதற்கு முந்தைய வருடம் இதே அக்டோபரில் 6 சதவீதத்துக்கு மேல் இருந்தது. அப்போது காய்கறி விலை தாறுமாறாக ஏறிக் கிடந்தது. ஒரு வருடம் கழித்து அது இறங்கியதும் மொத்தக் கணக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. சரி, தக்காளி இறங்கியதே என்று உங்கள் வீட்டு ஓனர் வாடகையைக் குறைத்தாரா? வேன்காரர் நூறு ரூபாய் விட்டுக் கொடுத்தாரா? சிலிண்டர் விலையோ அதே 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறி, சென்னையில் 868.50 ஆனது.

ஒரு மாதத்துச் செய்தியை வைத்து ஒன்பது பத்து வருடத்துச் சம்பளத்தை அளக்க முடியாது. அதற்கு வேறு அளவுகோல் இருக்கிறது. என் அப்பா கோவையில் மில் தொழிலாளி. அவருடைய சம்பளச் சீட்டில் 'பஞ்சப்படி' என்று ஒரு வரி இருக்கும், விலைவாசி ஏற்றத்துக்கு ஈடாகத் தருகிற பணம். "பாயிண்ட் ஏறியிருக்கு" என்று அவர் சொன்னால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். விலை ஏறினால்தான் பாயிண்ட் ஏறும் என்பது எனக்குப் புரியவே ரொம்ப நாள் ஆயிற்று! அரசு ஊழியர்களுக்கு அதைத்தான் அகவிலைப்படி என்கிறார்கள். தொழிலாளர்களுக்கான விலைவாசிக் குறியீட்டை வைத்து ஜனவரியிலும் ஜூலையிலும் மாற்றுவார்கள். ஏழாவது ஊதியக் குழு வந்த 2016 ஜனவரியில் அது பூஜ்யம். 2025 ஜூலையில் மத்திய அரசு ஊழியர்களுக்கு 58 சதவீதம். அதாவது அந்தக் கணக்குப்படி இடைப்பட்ட காலத்தில் விலைவாசி ஏறக்குறைய அவ்வளவு ஏறியிருக்கிறது. உங்கள் வீட்டுக்காரருக்கு அந்தப் படி கிடையாது. ஆனால் அந்த எண்ணை இரவல் வாங்கி நம் சம்பளத்தை அளந்து பார்க்க யார் அனுமதியும் வேண்டாம்.

18,000 ரூபாயோடு 58 சதவீதத்தைச் சேர்த்தால் 28,440. அவர் வாங்குவது 31,000. அதாவது சம்பளம் விலைவாசியைத் தாண்டி 2,560 ரூபாய் முன்னால் நிற்கிறது. இதைப் படித்ததும் அவர் மீசையை முறுக்குவார், கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் வாடகையும் அதே 58 சதவீதம்தான் ஏறியிருந்தால் 7,110 ஆக இருக்கும். நீங்கள் கொடுப்பது 9,500. அதிகப்படி 2,390. முன்னால் நின்ற 2,560-இல் இதைக் கழித்தால் 170 ரூபாய் மிச்சம். இத்தனை வருடம் ஷிப்ட் பார்த்ததற்கு, விலைவாசியை மிஞ்சிக் கைக்கு வந்தது மாதம் 170 ரூபாய். ஒரு பிரியாணி வாங்கலாம்.

அந்தக் குறியீடு பொய் சொல்லவில்லை. அது எல்லோருக்குமான சராசரி. குடும்பச் செலவு நூறு ரூபாய் என்றால் உணவுக்கு ஏறக்குறைய 39, வீட்டுக்கு 17 என்று அதில் பங்கு பிரித்திருக்கிறார்கள். உங்கள் சம்பளத்திலோ வாடகை மட்டுமே நூற்றுக்கு முப்பதைத் தின்கிறது. கடன் தவணைக்கு அந்தக் குறியீட்டில் இடமே கிடையாது.

அப்புறம் பள்ளி, வேன், பைக். மூன்றும் சேர்ந்து மாதம் 6,600 ரூபாய்க்கு மேல் வருகிறது. இதை விலைவாசி ஏற்றத்தில் சேர்க்காதீர்கள். 2016-இல் இந்தச் செலவுகளே இல்லை. குழந்தை பிறந்ததற்கு எந்தக் கம்பெனியும் பஞ்சப்படி தருவதில்லை. உங்கள் மளிகைக் கணக்கில் ஓட்டை தேடுகிறவர், மாதம் 6,600 ரூபாய் புதிதாக வெளியே போவதை மறந்துவிட்டார். ரேஷன் அரிசியும் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் இலவசப் பயணமும் இல்லையென்றால் கைமாற்று பத்தாம் தேதியே தொடங்கியிருக்கும் என்பது என் கணிப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் உட்கார்ந்து 2016 செலவையும் இன்றைய செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எழுதுகிற வேலையை அவரிடமே விடுங்கள். பைக் தவணை முடிந்ததும் அடுத்த தவணை எதையும் உள்ளே விடாதீர்கள். அந்த 3,100 ரூபாய்தான் உங்களுக்குக் கிடைக்கப்போகிற பெரிய இன்கிரிமென்ட். சம்பள உயர்வு பேசும்போது 58 என்ற எண்ணை அவர் மேலதிகாரியிடம் சொல்லட்டும். "எங்களுக்குப் பத்தவில்லை சார்" என்பதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

வாடகைக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா? கடிதத்தில் நீங்கள் அதைச் சொல்லவில்லை. 2019-இல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் அவசியம், வாடகையை உயர்த்துவதும் அதில் எழுதியபடிதான். உங்களிடம் ஒப்பந்தம் இல்லையென்றால், ஓனர் அடுத்த முறை ஆயிரம் ஏற்றுவதற்கு முன்னால் அதைப் பேசி எழுதி வாங்கிவிடுங்கள்.