உறையில் போட்ட நாள் கணக்கு: மக்காச்சோளம் கேள்வி-பதில்

கேள்வி: மாடித் தோட்டத்து மக்காச்சோளம் ஏன் இன்னும் பூக்கவில்லை? (அம்பத்தூர்)

பதில்: என்றைக்கு விதைத்தீர்கள்? என்ன ரகம்? ஜாதகம் பார்க்கக்கூடப் பிறந்த தேதி வேண்டும்.

கேள்வி: மே மாதம் கதிர் வந்தது. பாதி மணிகளைக் காணோம். (ஆவடி)

பதில்: கத்திரி வெயிலில் பூக்கும்படி விதைத்தால் அப்படித்தான். வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் நலியும். 38-ஐ நெருங்கினால் வீணாகிவிடும். கதிர் நுனியில் தொங்கும் பட்டு இழைகளும் காய்ந்துபோகும். அவற்றில் மகரந்தம் விழுந்தால்தான் மணி பிடிக்கும். நீர் குறைந்தால் பட்டு வெளிவரத் தாமதமாகும், அதற்குள் மகரந்தம் கொட்டித் தீர்ந்திருக்கும். காலை ஒன்பது, பத்து மணிக்குச் செடி உச்சியில் உள்ள ஆண்பூவைத் தாளின் மேல் தட்டி, விழும் மஞ்சள் தூளைப் பட்டின் மேல் தூவிப் பாருங்கள். அடுத்த முறை தைப்பட்டத்தில் விதையுங்கள்.

கேள்வி: மார்கழிக் குளிரில் முளைக்குமா? (தாம்பரம்)

பதில்: நம் ஊரில் குளிரா? பத்து டிகிரிக்குக் கீழே போனால்தான் வளர்ச்சி நிற்கும். தேங்கும் மழைநீருக்குப் பயப்படுங்கள். ஐந்தாறு இலை வரும்வரை குருத்து மண்ணுக்குள்தான் இருக்கிறது, நீர் தேங்கினால் அழுகிவிடும்.

கேள்வி: வெளிநாட்டு இனிப்புச் சோள விதை வாங்கினேன். உறையில் 75 நாள், ஆறடி உயரம் என்று போட்டிருக்கிறது. 35 நாளில் இடுப்பளவுகூட வளராமல் ஆண்பூ வந்துவிட்டது. போலி விதையா? (வேளச்சேரி)

பதில்: மாதம் தவறாமல் இப்படி ஒரு கடிதம். விதை போலியல்ல, உறையை நம்பியதுதான் தவறு. மக்காச்சோளம் நாள்காட்டியைப் பார்த்து வளர்வதில்லை, வெப்பத்தைச் சேர்த்துச் சேர்த்து வளர்கிறது. பகல் உச்சத்தையும் இரவின் குறைந்த வெப்பத்தையும் கூட்டி, பாதியாக்கி, பத்தைக் கழியுங்கள். வருவதுதான் அன்று செடி சேர்த்த வெப்ப அலகு. உச்சம் முப்பதைத் தாண்டினால் முப்பது என்றே வையுங்கள். பகல் 27, இரவு 15 உள்ள குளிர்நாட்டில் ஒரு நாளைக்கு 11 அலகு. 75 நாளில் சுமார் 800. சென்னையின் ஏப்ரலில், இரவிலேயே 26 டிகிரி இருக்கும்போது, நாளைக்கு 18 அலகு. அதே 800 நாற்பத்தைந்து நாளில் முடிந்துவிடும். போதாததற்கு, அந்த ரகங்கள் பதினைந்து மணி நேரக் கோடைப் பகலுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. நம் பகல் ஜூனிலேயே பதின்மூன்று மணியை எட்டாது. மக்காச்சோளம் குறும்பகல் பயிர், அதாவது பகல் குறைந்தால் சீக்கிரம் பூப்பது. இலை பெருக்க அவகாசமில்லாமல் பூத்துவிடுகிறது. சிறு செடியில் பெரிய கதிர் எங்கிருந்து வரும்? இரவுப் புழுக்கம் மணி முற்றும் காலத்தையும் சுருக்கிவிடும். இதையெல்லாம் சொல்லாமல் பளபளக்கும் உறையில் விற்பவர்களிடம் எனக்குத் தீராத கோபம் உண்டு. ஆனால் வாங்கும்போது எந்த நாட்டுக்கான ரகம் என்று நீங்களும் கேட்கவில்லையே! உள்ளூரில் விளைந்து தேறிய ரகத்தையே வாங்குங்கள். விதைத்த தேதியைச் செடிப் பையிலேயே எழுதி வையுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் உள்ள மகனுக்கு நம் ஊர் விதையைக் கொடுத்தனுப்பலாமா? (மயிலாப்பூர்)

பதில்: வேண்டாம். அங்குள்ள நீண்ட பகலில் ஆளுயரம் தாண்டியும் பூக்காது. கதிர் முற்றுவதற்குள் உறைபனி வந்துவிடும். சுங்கத்திலும் பிடிப்பார்கள்.

கேள்வி: பக்கத்து மாடி விளக்கு விடிய விடிய என் செடிகள்மேல் எரிகிறது. பாதிக்குமா? (மாதவரம்)

பதில்: நம் ஊர் ரகமென்றால் பூப்பது தள்ளிப்போகலாம். பையை நகர்த்தி வையுங்கள், அல்லது பக்கத்து வீட்டாரிடம் பேசுங்கள். முதலாவது சுலபம்.