பழைய மடிக்கணினியில் ஜிடிஏ 5 திணறாமல் ஓட என்ன செய்யலாம்?

உங்கள் கேள்வியில் தந்திருக்கும் விவரங்கள்: இன்டெல் ஐ5-6200யு சிப், அதனுள்ளேயே அமைந்த எச்டி கிராபிக்ஸ் 520, ஒரே ஸ்டிக்காக 8 ஜிபி டிடிஆர்4 ரேம், ஹார்ட் டிஸ்க், 1366×768 திரை, விண்டோஸ் 10. ஜிடிஏ 5 என்ற விளையாட்டு தொடக்கத்தில் ஓரளவு ஓடுகிறது, பத்து நிமிடங்களில் திணறத் தொடங்குகிறது, ‘கேம் பூஸ்டர்’ மென்பொருள்களால் பயனில்லை. எதில் பணம் போடுவது, அல்லது பழைய டெஸ்க்டாப் ஒன்றை வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் தம்பியின் கல்லூரிக் காலம் முழுவதும் இதே சிப் கொண்ட மடிக்கணினியில்தான் கழிந்தது. அதைப் பிரித்துச் சுத்தம் செய்து, ரேம் சேர்த்து, விளையாடும் நிலைக்குக் கொண்டுவந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

முதலில், சராசரி பிரேம் ரேட் (நொடிக்கு எத்தனை பிரேம்கள், அதாவது படங்கள், திரையில் வருகின்றன என்பது) என்ற ஒற்றை எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். நொடிக்கு 30 பிரேம் என்றால் ஒவ்வொரு பிரேமுக்கும் ஏறத்தாழ 33 மில்லிவினாடி. 60 என்றால் 16.7 மில்லிவினாடி. நான்கு பிரேம்களில் மூன்று 20 மில்லிவினாடியில் வந்து நான்காவது 73 மில்லிவினாடி எடுத்துக்கொண்டாலும் சராசரி 30 என்றே காட்டும். நான்கும் சீராக 33 மில்லிவினாடியில் வந்தாலும் அதே 30தான். முதலாவது கண்ணை உறுத்தும், இரண்டாவது நிம்மதியாக விளையாட விடும். உங்களைப் போன்ற கணினியில் எட்ட வேண்டிய இலக்கு சீரான 30 என்பது என் உறுதியான கருத்து. அவ்வப்போது 45-ஐத் தொட்டுவிட்டு 18-க்கு விழும் ஓட்டத்தைவிட அது எவ்வளவோ மேல். ஆகவே எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருளை, அதனுடன் வரும் ரிவாடியூனரோடு சேர்த்து நிறுவி, பிரேம் டைம் (ஒவ்வொரு பிரேமும் எடுக்கும் நேரம்), சிபியு (கணக்குகளைச் செய்யும் பகுதி), ஜிபியு (படங்களை வரையும் பகுதி) இரண்டின் வேகம், பயன்பாட்டு விழுக்காடு, வெப்பநிலை ஆகியவை திரையின் மூலையில் தெரியும்படி வையுங்கள். இவற்றைப் பார்க்காமல் செய்யும் மாற்றங்கள் எல்லாம் ஊகமாகவே முடியும்.

பத்து நிமிடங்களுக்குப் பிறகு திணறல் தொடங்குகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதே மிக முக்கியமான தடயம். விளையாட்டின் அமைப்புகள் மட்டுமே காரணமாக இருந்தால் முதல் நிமிடத்திலிருந்தே ஓட்டம் மோசமாக இருந்திருக்கும். நேரம் செல்லச் செல்ல மோசமாகிறது என்றால் பெரும்பாலும் சூடுதான் காரணம். இந்தச் சிப்பின் வெப்ப உச்சவரம்பு 100 டிகிரி செல்சியஸ்; அதை நெருங்கும்போது சிப் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், பல மடிக்கணினிகளில் தயாரிப்பாளர் உள்ளே பதித்த மென்பொருள் (ஃபர்ம்வேர்) இன்னும் முன்பாகவே குறைத்துவிடும். பல ஆண்டுகள் ஓடிய மடிக்கணினியைத் திறந்து பார்த்தால், மின்விசிறிக்கும் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்கின் தகடுகளுக்கும் இடையே தூசி கம்பளித் துண்டைப் போலப் படிந்து காற்று போகும் வழியை அடைத்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது நகராது. பின்பக்க மூடியைக் கழற்றி, பேட்டரி இணைப்பைத் துண்டித்து, விசிறியை எடுத்துத்தான் அகற்ற வேண்டும். அப்படியே ஹீட் சிங்கையும் கழற்றி, சிப்பின் சூட்டை அதற்குக் கடத்தும், இப்போது காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் பூசிவிடுங்கள். பழக்கமில்லை என்றால் பழுது பார்க்கும் கடையில் கொடுத்துவிடலாம். ஆனால் ‘சர்வீஸ்’ என்று பொதுவாகச் சொல்லாமல், பேஸ்ட் மாற்ற வேண்டும், தகடுகளைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். சித்திரை வெயிலில் குளிர்சாதனம் இல்லாத அறையில், மெத்தைமேல் வைத்து விளையாடினால் இவ்வளவு செய்தும் பலன் கிடைக்காது. கெட்டியான மேசைமேல், பின்பக்கம் இரண்டு விரற்கடை உயர்ந்திருக்கும்படி வையுங்கள்.

இதோடு சேர்ந்தது மின்சாரப் பங்கீடு. 6200யு 15 வாட் சிப். அந்த 15 வாட்டைச் சிபியுவும் ஜிபியுவும் பகிர்ந்துகொள்கின்றன. சிபியு டர்போ என்னும் கூடுதல் வேகத்துக்கு ஏறும்போது அதற்குச் செல்லும் வாட்டுகள் ஜிபியுவுக்குக் கிடைப்பதில்லை. விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில், சிபியுவின் அதிகபட்ச நிலை என்ற இடத்தில் 100-க்குப் பதிலாக 99 விழுக்காடு என்று வைத்தால் டர்போ நின்றுவிடும், சிப் 2.8 கிகாஹெர்ட்ஸுக்கு ஏறாமல் 2.3-இலேயே நிற்கும், சூடும் தணியும். ஜிபியு திணறும் விளையாட்டுகளில் இதனால் பிரேம்கள் கூடுவது உண்டு. சிபியு திணறும் விளையாட்டுகளில் குறையும். இரண்டையும் செய்து பார்த்து, பிரேம் டைம் கோடு எதில் தட்டையாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜரையும் ஒருமுறை கவனியுங்கள்: சில மடிக்கணினிகள் தமக்குரிய சார்ஜர் இல்லை என்று கண்டால் சிபியுவின் வேகத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவிடும்.

அடுத்து ரேம். பணம் போடுவதானால் முதல் செலவு இதற்குத்தான் என்று தயங்காமல் சொல்வேன். தனி கிராபிக்ஸ் கார்டுக்குச் சொந்த நினைவகம் உண்டு. எச்டி 520-க்கு அது இல்லை, கணினியின் ரேமையே பயன்படுத்துகிறது. டிடிஆர்4-2133 ரேம் ஒரே ஸ்டிக்காக இருந்தால் நொடிக்கு ஏறத்தாழ 17 ஜிபி தரவுதான் செல்ல முடியும், அதையும் சிபியுவுடன் பங்கிட வேண்டும். அதே அளவும் வேகமும் கொண்ட இன்னொரு ஸ்டிக்கைச் சேர்த்தால் இரண்டும் ஒரே நேரத்தில் தரவு அனுப்பும் டூயல் சேனல் முறையில் அந்த வரம்பு 34 ஜிபி ஆகிறது. தம்பியின் கணினியில் செய்த எல்லா மாற்றங்களிலும் கண்ணுக்கு உடனே தெரிந்த வேறுபாடு இதுதான். நகரத்துக்குள் வண்டி ஓட்டும்போது இருபதுகளில் தடுமாறிக்கொண்டிருந்தது, அதன் பிறகு முப்பதை விட்டு அதிகம் இறங்கவில்லை. வாங்கும் முன் டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட்டுகளில் எத்தனை பயன்பாட்டில் உள்ளன என்று பாருங்கள். இந்தத் தலைமுறை மடிக்கணினிகளில் சில டிடிஆர்3எல் ரேமும் சில டிடிஆர்4 ரேமும் கொண்டவை, ஒன்றுக்கான ஸ்லாட்டில் மற்றொன்று பொருந்தாது; இருக்கும் ஸ்டிக்கைக் கழற்றிக் கடைக்கே எடுத்துச் செல்வது நல்லது. 8 ஜிபிக்குப் பணம் போதவில்லை என்றால் 4 ஜிபி ஸ்டிக் சேர்த்தாலும் பெரும்பகுதி டூயல் சேனலில் இயங்கும்.

விளையாட்டுக்குள் வருவோம். 2025 மார்ச்சில் ஜிடிஏ 5-க்கு ‘என்ஹான்ஸ்டு’ என்ற புதிய பதிப்பு வந்தது. ரே டிரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரைதல்) போன்றவற்றைக் கொண்ட அது உங்கள் கணினிக்கானது இல்லை. 2015-இல் வெளிவந்த பழைய பதிப்பு ‘லெகசி’ என்ற பெயரில் இன்னும் கிடைக்கிறது, அதையே நிறுவுங்கள். பிறகு ஒரு சோதனை செய்யுங்கள்: ரெசல்யூஷனை (வரையும் புள்ளிகளின் எண்ணிக்கையை) 800×600-க்கு இறக்கிப் பாருங்கள். பிரேம் ரேட் தாவி ஏறினால் ஜிபியுதான் திணறிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய அசையாமல் நின்றால் சிபியு. ஜிபியு என்றால் விளிம்புகளை மென்மையாக்கும் எம்எஸ்ஏஏ-வை அணைத்து, நிழல், புல், நீர், பிரதிபலிப்பு எல்லாவற்றையும் ‘நார்மல்’ நிலைக்குக் கொண்டுவந்து, அட்வான்ஸ்டு கிராபிக்ஸ் பக்கத்தில் உள்ளவற்றை அணைத்துவிட்டு, அதே பக்கத்தில் இருக்கும் ஃபிரேம் ஸ்கேலிங் அமைப்பை 3/4 என்று வையுங்கள். நீளத்திலும் அகலத்திலும் முக்கால் என்றால் வரைய வேண்டிய பிக்சல்கள் 44 விழுக்காடு குறைகின்றன. எழுத்துகளும் வரைபடமும் மட்டும் திரையின் முழு அளவிலேயே தெளிவாக வரும். சிபியு என்றால் மக்கள் நெரிசலையும் (பாப்புலேஷன் டென்சிட்டி) தொலைவுக் காட்சி அளவையும் (டிஸ்டன்ஸ் ஸ்கேலிங்) குறைக்க வேண்டும். இரண்டு கோர் சிப்புக்கு இவைதான் பெரிய சுமை. கடைசியாக, பிரேம்களைத் திரையின் வேகத்தோடு ஒத்திசைக்கும் விசிங்க் அமைப்பில் ‘ஹாஃப்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் அது பிரேம் ரேட்டை 30-இல் கட்டிவைக்கும், தேவையற்ற பிரேம்களுக்காகச் சிப் சூடாவதும் நிற்கும்.

கேம் பூஸ்டர்களை நீக்கிவிடுங்கள். பின்னணிச் செயலிகள் சிலவற்றை மூடுவது, பவர் திட்டத்தை மாற்றுவது ஆகியவற்றுக்கு மேல் அவற்றால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அதை நீங்களே செய்துகொள்ளலாம், பல வேளைகளில் அவையே பின்னணியில் ஒரு சுமையாக ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸின் கேம் பாரில் பின்னணிப் பதிவு இயங்கிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். விண்டோஸ் பாதுகாப்பு அமைப்புகளின் ‘கோர் ஐசொலேஷன்’ பகுதியில், தீங்கான நிரல்களைத் தடுக்கும் மெமரி இன்டெக்ரிட்டி இயங்குகிறதா என்றும் பாருங்கள். இந்தப் பாதுகாப்பின் சுமையைக் குறைக்கும் வன்பொருள் வசதி இன்டெல்லின் ஏழாம் தலைமுறையில்தான் வந்தது, ஆறாம் தலைமுறைச் சிப்பில் அதன் விலை அதிகம். ஆனால் அது உண்மையான பாதுகாப்பு. வங்கிக் கணக்கு பார்க்கும் கணினி என்றால், அதுவும் விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபரில் நிறுத்திவிட்ட நிலையில், அதை அணைக்க நான் சொல்லமாட்டேன்.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பகம்) போட்டால் சராசரி பிரேம் ரேட் கூடாது. ஆனால் ஜிடிஏ 5 நகரத்தை ஓட ஓட டிஸ்க்கிலிருந்து படித்துக்கொண்டே இருப்பதால், வேகமாக வண்டி ஓட்டும்போது சாலை தாமதமாகத் தோன்றுவதும் ஓரிரு நொடி உறைவதும் வெகுவாகக் குறையும். ரேமுக்கு அடுத்த செலவு இது.

இனி டெஸ்க்டாப். ரேம், எஸ்எஸ்டி இரண்டையும் சேர்த்தும் மனம் நிறையாது, 2018-க்குப் பிந்தைய பெரிய விளையாட்டுகளும் வேண்டும் என்றால், மடிக்கணினியில் மேலும் பணம் போடாதீர்கள். அலுவலகங்கள் கழித்துவிட்ட ஐ5-6500 வகை டெஸ்க்டாப்புகள் சென்னை ரிச்சி தெருவிலும் பிற ஊர்க் கடைகளிலும் கிடைக்கின்றன. நான்கு கோர், 65 வாட், உங்கள் சிப்பைவிட ஆற்றல் மிகுந்தது. அவற்றின் பவர் சப்ளை சிறியது என்பதால், ஸ்லாட்டிலிருந்தே 75 வாட்டுக்குள் மின்சாரம் எடுத்துக்கொள்ளும் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ போன்ற கார்டைத் தேடுங்கள். அதிலும் சில மாடல்களில் தனி மின் இணைப்பு உண்டு, அவற்றைத் தவிருங்கள். பெட்டி ஒல்லியானது என்றால் குட்டையான ‘லோ புரொஃபைல்’ கார்டுதான் உள்ளே நுழையும். ஜிடி 1030 வாங்குவதானால் அது ஜிடிடிஆர்5 நினைவகம் கொண்டதா என்று பெட்டியில் படித்துப் பாருங்கள்: அதன் நினைவக வேகம் நொடிக்கு 48 ஜிபி, அதே பெயரில் விற்கப்படும் டிடிஆர்4 கார்டுக்கோ 16.8 ஜிபிதான், உங்களிடம் இப்போதிருக்கும் ஒற்றை ஸ்டிக் ரேமின் அளவுகூட இல்லை. கார்டைப் பொருத்திய பிறகு மானிட்டர் கேபிளைக் கார்டின் பின்புறத்திலேயே செருகுங்கள். மதர்போர்டில் செருகினால் விளையாட்டு பழைய உள்ளமைந்த கிராபிக்ஸிலேயே ஓடக்கூடும்.