கொம்ப்ரொமிசோ வேறு, காம்ப்ரமைஸ் வேறு

கணவாய் மீன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் ஸ்பெயின் வியாபாரிகளுக்குக் கடிதம் எழுதும் வேலை பார்த்தவள் நான். வாக்கு, பொறுப்பு, நிச்சயம் பற்றிய ஆங்கில, ஸ்பானிஷ் சொற்களில் உங்களுக்கு வந்த சந்தேகங்களுக்கு என் பதில்கள் இவை.

தங்கச்சிமடம்: அக்கா, எங்க கப்பல் கேப்டன் ஸ்பானிஷ்காரர். ‘ராத்திரி எனக்கு ஒரு கொம்ப்ரொமிசோ இருக்கு’ என்றார். யாரோடு சமரசம்?

சமரசமே இல்லை தம்பி. யாரையோ பார்க்க வருவதாக ஏற்கெனவே சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் கமிட்மென்ட் என்பதற்குத்தான் இது பக்கம்.

ஸ்பானிஷ் கொம்ப்ரொமிசோ, ஆங்கிலத்தில் சமரசத்தைச் சொல்லும் காம்ப்ரமைஸ், இரண்டும் ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை. ரோமானியச் சட்டத்தில், வழக்காடும் இருவரும் ‘நடுவர் சொல்வதற்குக் கட்டுப்படுகிறோம்’ என்று சேர்ந்து கொடுக்கும் வாக்குக்கு கொம்ப்ரொமிஸ்ஸும் என்று பெயர். வலை அறுந்த தகராறு ஊர்க்கூட்டத்துக்கு வந்தால் நம் கடற்கரையிலும் முதலில் அந்த வாக்கைத்தானே வாங்குகிறார்கள்? ஆங்கிலம் கடைசியில் நடக்கும் விட்டுக்கொடுத்தலைப் பிடித்துக்கொண்டது. ஸ்பானிஷ் முதலில் கொடுத்த வாக்கிலேயே நின்றுவிட்டது.

கீழக்கரை: அப்போ விட்டுக்கொடுப்பதற்கு என்ன சொல்?

ஒருவர் இறங்கி வந்தால் செதேர். இரண்டு தரப்பும் இறங்கி வந்து பேசி முடித்தால் ‘யெகார் ஆ உன் அகுவேர்தோ’, அதாவது உடன்பாட்டுக்கு வருவது.

மண்டபம்: டீச்சர், ‘நான் கமிட்டட்’ என்பதை ‘எஸ்தோய் கொம்ப்ரொமெத்தீதா’ என்று எழுதலாமா?

வேண்டாம்மா. படிக்கிறவர்கள் உனக்கு நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டது என்று நினைத்து, கல்யாணத் தேதி கேட்பார்கள். நம் பிள்ளைகள் கமிட்டட் என்று சொல்வது காதலில் இருப்பதை. அதற்கு ‘தேங்கோ பரேஹா’ போதும், எனக்குத் துணை இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் ஒரு வேலையைச் சொல்லி, அதோடு கொம்ப்ரொமெத்தீதா என்றால் அதில் முழு ஈடுபாடு உள்ளவள் என்று பொருள் மாறிவிடும்.

தொண்டி: ‘வெள்ளிக்கிழமை சரக்கு அனுப்ப கமிட் ஆகிறோம்’ என்று வியாபாரிக்கு எழுத வேண்டும். தமிழில் கடப்பாடு என்கிறார்களே, அதுவும் சரியா?

கடப்பாடு அரசாங்கக் கோப்புக்குச் சரி, மனிதர்களுக்கு வாக்கு என்பதுதான் பொருந்தும். ஸ்பானிஷில் ‘நோஸ் கொம்ப்ரொமெத்தேமோஸ் ஆ’ என்று எழுதினால் அது கொடுத்த வாக்கு, காற்றைச் சாக்குச் சொல்லித் தப்ப முடியாது. ஒரு தடவை ‘முயற்சி செய்கிறோம்’ என்ற எண்ணத்தில் அதை எழுதிவிட்டேன். காற்று அடங்காமல் நாலு நாள் படகு போகவில்லை. அந்த வியாபாரி என்னை வாக்குத் தவறியவளாகவே பார்த்தார், இன்றைக்கும் அது என் மனதில் உறுத்துகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை வேறு. அப்போது கேட்டால் ‘அரேமோஸ் லோ போசிப்லே’ என்று எழுதுங்கள், முடிந்ததைச் செய்கிறோம் என்று அர்த்தம்.

ஏர்வாடி: விலைப்பட்டியலில் ‘சின் கொம்ப்ரொமிசோ’ என்று போட்டிருக்கிறது. பேரம் கிடையாது என்கிறார்களா?

இல்லை. விலை கேட்டதால் வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்கிறார்கள். தாராளமாகப் பேரம் பேசுங்கள்.

தேவிபட்டினம்: ஆங்கிலத்தில் குற்றம் செய்வதும் கமிட்தானே?

ஆமாம், ஸ்பானிஷில் அதற்கு கொமெத்தேர். கொம்ப்ரொமெத்தேருக்கு ஆபத்தில் மாட்டிவிடுவது என்றும் பொருள் உண்டு, அதை அந்த இடத்தில் போட்டால் குற்றத்தையே ஆபத்தில் மாட்டிவிட்டது போல ஆகிவிடும்.